காய்ந்த புழு பச்சோந்திக்குப் போதுமா? சேலத்தில் உயிர்ப்பூச்சிக்கு என்ன வழி?

கேள்வி கேட்ட தம்பி சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறார். ஏழு மாத ஆண் பச்சோந்தி ஒன்று வளர்க்கிறார். தலையில் கொண்டை வைத்த ஏமன் வகை, விற்பவர்கள் வெய்ல்டு கமேலியன் என்பார்கள். உயிருள்ள சில்வண்டை வாராவாரம் வெளியூரிலிருந்து பார்சலில் வரவழைத்தால் கட்டுப்படியாகவில்லை, பாதி வழியிலேயே செத்தும் விடுகின்றன. அதனால் அரோவானா மீனுக்கென்று விற்கும், மீல்வார்ம் என்ற காய்ந்த புழுப் பாக்கெட் வாங்கியிருக்கிறார். கிண்ணத்தில் போட்டால் பச்சோந்தி திரும்பியும் பார்ப்பதில்லை. இடுக்கியில் பிடித்து ஆட்டினால் சில நேரம் நாக்கை நீட்டி எடுக்கிறது. இப்படியே பழக்கிவிடலாமா, உயிருள்ள பூச்சிதான் வேண்டுமென்றால் சேலத்தில் என்ன வழி, சித்திரை வெயிலுக்கு ஏற்காட்டில் அத்தை வீட்டில் கொண்டுபோய் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பழக்க வேண்டாம், தம்பி. காய்ந்த புழு பச்சோந்திக்கு அன்றாட உணவு ஆகாது. ஒரு வேளை, இரண்டு வேளை தட்டுப்பாட்டில் கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அதையே சாப்பாடாக வைத்தால் நாலைந்து மாதத்தில் உடம்பு காட்டிக்கொடுக்கும். அதற்குள் சிறுநீரகமும் எலும்பும் கெட்டிருக்கும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காரணம் புரிந்தால் எந்தப் பூச்சியை எப்படிக் கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. சேர்வராயன் மலை அடிவாரத்து வேலிகளிலும் முள்காடுகளிலும் நம் ஊர்ப் பச்சோந்தியே உண்டு. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரோட்டில் கண்டால் ஓரமாக விட்டுவிட்டு வந்துவிட வேண்டும், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். உங்களிடம் இருப்பது வெளிநாட்டு வகை. ஆனால் அதுவும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் இனம்தான். 2022 சட்டத் திருத்தத்துக்கும் 2024-இல் வந்த விதிகளுக்கும் பிறகு இப்படிப்பட்ட விலங்குகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். செய்யாமல் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

கிண்ணத்தில் போட்டதை அது திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. பச்சோந்தி கண்ணால் மட்டுமே இரை தேடுகிற பிராணி. நாய் மாதிரியோ, நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கும் உடும்பு மாதிரியோ வாசனையை வைத்து அது சாப்பாட்டைக் கண்டுபிடிப்பதில்லை. இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழன்று இலைகளுக்கு நடுவே அசைவு எங்கே என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அசைவு கண்ணில் பட்டதும் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பும். கண்ணின் வில்லையைக் கூர்மைப்படுத்தித் தூரத்தை அளந்துகொள்ளும். அதன் பிறகுதான் நாக்கு. இந்த வரிசையில் முதல் படியே அசைவுதான். காய்ந்த புழு அசையாது, ஆகவே அதன் கணக்கில் அது சருகோடு சருகு.

இடுக்கியில் ஆட்டும்போது அடிக்கிறதே என்றால், அங்கே அசைவை நீங்கள் கொடுக்கிறீர்கள். சில பச்சோந்திகள் இதற்குப் பழகிவிடும். மருந்து கொடுக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பழக்கம் ரொம்பவே உதவும். ஆகையால் இடுக்கியை அடியோடு விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் இரும்பு இடுக்கி வேண்டாம். நாக்கு வரும் வேகத்துக்கு அதன் முனையில் பட்டால் காயமாகும். மூங்கிலோ மழுங்கிய பிளாஸ்டிக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பெரிய பிரச்சினை தண்ணீர். இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. காய்ந்த புழு பாக்கெட்டில் புரதம் ஐம்பது சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது பொய் இல்லை. காய வைப்பதால் புரதம் எங்கேயும் போய்விடாது, தாது உப்புகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். போவது தண்ணீர். உயிருள்ள சில்வண்டின் எடையில் சுமார் எழுபது சதவீதம் தண்ணீர். மீல்வார்மில் அறுபதுக்குச் சற்று மேல். பட்டுப்புழுவில் எண்பதையும் தாண்டும். காய்ந்த புழுவில் ஐந்து சதவீதம் இருந்தால் பெரிது. நன்றாக வளர்ந்த சில்வண்டு ஒன்று அரை கிராம் வரை இருக்கும். ஆறு சில்வண்டு தின்றால் இரண்டு மில்லி தண்ணீர் சாப்பாட்டோடேயே உள்ளே போய்விட்டது. நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள பிராணிக்கு இது சின்ன அளவு இல்லை.

நாய்க்கோ கோழிக்கோ காய்ந்த தீனி கொடுத்தால் பக்கத்தில் வைத்த தண்ணீரைக் குடித்து ஈடுகட்டிவிடும். பச்சோந்தி அப்படிச் செய்யாது. கிண்ணத்தில் தேங்கி நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் அதற்குத் தண்ணீராகவே தெரியாது. இலையில் பனி மாதிரி நிற்கும் துளியையோ, மேலிருந்து சொட்டும் சொட்டையோதான் குடிக்கும். மாசி, பங்குனியில் சேலத்துக் காற்று எவ்வளவு வறட்சி என்று உங்களுக்கே தெரியும். காலையில் தெளித்தது அரை மணியில் காய்ந்துவிடும். இந்த ஊரில், இந்தப் பிராணிக்கு, நீரில்லாத தீனி என்றால் குறைவுக்கு மேல் குறைவு சேர்கிறது. உடம்பில் தண்ணீர் குறையக் குறைய யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் படியும். வளர்ப்புப் பச்சோந்திகள் சிறுநீரகம் கெட்டும் மூட்டு வீங்கியும் சாவது அபூர்வம் இல்லை.

கவனிக்க எளிய வழி ஒன்று உண்டு. எச்சத்தில் கறுப்புப் பகுதியோடு வெள்ளைக் கட்டி ஒன்று இருக்கும், அதுதான் அதன் சிறுநீர். வெள்ளையாக, மெத்தென்று இருந்தால் தண்ணீர் போதுகிறது. மஞ்சளாகி, ஆரஞ்சாகி, மணல் மாதிரி கரகரவென்று வந்தால் போதவில்லை. கண் குழி விழுவதற்கு முன்னாலேயே இது தெரிந்துவிடும். இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் பூச்சியின் வயிறு. பூச்சியை ஒரு டிபன் கேரியர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரமும் உள்ளே போகிறது, பாத்திரத்தில் நீங்கள் அடைத்த சாப்பாடும் உள்ளே போகிறது. உயிருள்ள சில்வண்டுக்கு ஒரு நாள், இரண்டு நாள் நல்ல கீரையும் காயும் கொடுத்துவிட்டு அதைப் பச்சோந்திக்குக் கொடுத்தால் அந்தக் கீரையின் சத்தும் சேர்ந்து போய்ச் சேரும். செத்துக் காய்ந்த புழுவின் வயிற்றில் என்ன இருந்ததோ அதை மாற்ற வழியே இல்லை. தொழிற்சாலையில் தவிடு தின்று வளர்ந்திருந்தால் தவிடுதான்.

சில்வண்டிலும் மீல்வார்மிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பச்சோந்திக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு அந்தச் சத்தை எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். கால் வளையும், தாடை ரப்பர் மாதிரி ஆகும், கிளையைப் பிடிக்க வலு இருக்காது, நாக்கு முழுத் தூரம் போகாது. ஏழு மாதக் குட்டி இன்னும் வளர்கிற வயது, அதனால் இது சீக்கிரமே தாக்கும்.

சில்வண்டுக்கு என்ன கொடுப்பது என்று கடையில் விற்கும் தூளைத் தேடி அலைய வேண்டாம். முருங்கைக்கீரை இருக்கிறது. நூறு கிராமில் முந்நூறிலிருந்து நானூற்று நாற்பது மில்லிகிராம் வரை சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ் அதில் சிறு பங்கு. இதற்கு இணையாக வெளிநாட்டுக்காரர்கள் என்னென்னவோ இலையைத் தேடுகிறார்கள், நமக்குக் கொல்லையில் நிற்கிறது. அகத்தியும் நல்லது. கூடவே கேரட், மஞ்சள் பூசணி, பப்பாளி. பாலக்கீரையும் தண்டுக்கீரையும் வேண்டாம், அவற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போட்டுவிடும். நாய் பிஸ்கட், பூனைத் தீனி, மீன் தீனி எதையும் சில்வண்டுக்குப் போடாதீர்கள். கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று பலர் போடுகிறார்கள். அந்த அளவுக்குப் புரதம் ஏறினால் மேலே சொன்ன யூரிக் அமிலத் தொல்லைதான் கூடும்.

அப்படியானால் காய்ந்த புழு யாருக்குத்தான்? கோழிக்கு, மீனுக்கு, ஆமைக்குக் கொடுக்கலாம். வாசனை பிடித்துத் தின்கிற சில பல்லி வகைகளுக்கும் ஊறவைத்து ஓரளவு கொடுக்கலாம். பச்சோந்திக்கு ஒரு அவசரத்தில், வேறு எதுவுமே இல்லாதபோது, வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து இடுக்கியில் கொடுக்கலாம். அதிலும் மீல்வார்மை விடக் கருப்பு ஈயின் புழு மேல். பி.எஸ்.எஃப். என்று விற்கிறார்கள். பெரும்பாலான பூச்சிகளுக்கு மாறாக அதில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸை விட அதிகம், காய்ந்த பிறகும் அது குறைவதில்லை. மீல்வார்மின் தோல் கெட்டி. தண்ணீர் குறைந்த உடம்பில் அது குடலில் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

இனி சேலத்தில் என்ன வழி என்பதற்கு வருகிறேன். வாங்குவதை நிறுத்திவிட்டு வளர்க்க ஆரம்பியுங்கள். ஒரே ஒரு பச்சோந்திக்கு வேண்டிய சில்வண்டு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கிடைத்துவிடும்.

சில்வண்டுக்குப் பிடித்த வெப்பம் 28 முதல் 32 டிகிரி. சேலம் அதை வருஷத்தில் முக்கால்வாசி நாள் இலவசமாகக் கொடுக்கிறது. குளிர் தேசத்தில் இதற்கென்று ஹீட்டர் போடுகிறார்கள். மூடியில் பெரிய துளை வெட்டிக் கம்பிவலை ஒட்டிய தொட்டி, உள்ளே முட்டை அட்டைகள் செங்குத்தாக நிற்க வேண்டும். பக்கத்தில் நாமக்கல் இருக்கும்போது முட்டை அட்டைக்குப் பஞ்சமே இல்லை, எந்த மளிகைக் கடையிலும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஒரு தயிர் டப்பாவில் ஈரமான தேங்காய் நார்த்தூளை நிரப்பி உள்ளே வையுங்கள். பெண் சில்வண்டு பின்பக்க ஊசியை அதில் இறக்கி முட்டை இடும். சில நாள் கழித்து அந்த டப்பாவை எடுத்துத் தனித் தொட்டியில் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரியவையே முட்டையைத் தின்றுவிடும். முப்பது டிகிரியில் பத்துப் பதின்மூன்று நாளில் எறும்பு அளவில் குஞ்சு வரும், ஒன்றரை மாதத்தில் முழு அளவு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் மூழ்கிச் சாகும். கேரட் துண்டோ ஈரப் பஞ்சோ போதும். செத்ததை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள். நாற்றம் வந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம், துளையைப் பெரிதாக்குங்கள். ஆண் வண்டுகள் இரவில் கத்தும். அதைப் படுக்கையறையில் வைக்காதீர்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கு மட்டும் அமைந்திருக்கிற இன்னொரு வசதியைச் சொல்கிறேன். பச்சோந்தி வளர்ப்பவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பட்டுப்புழு! தமிழக அரசின் பட்டு வளர்ச்சித் துறைக்குத் தலைமையகமே சேலத்தில்தான் இருக்கிறது. மாவட்டத்தில் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கும் விவசாயிகள் இருக்கிறார்கள், பக்கத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க இருக்கிறார்கள். முட்டையிலிருந்து பொரித்துச் சிறு புழுவாக வளர்த்து விவசாயிக்குக் கொடுக்கும் இளம்புழு வளர்ப்பு மையங்களும் உண்டு. வெளிநாட்டில் பட்டுப்புழுவைப் பச்சோந்திக்கென்று டப்பாவில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். இங்கே ஒரு விவசாயியிடம் பக்குவமாகக் கேட்டால் ஒரு கைப்பிடி புழு கொடுப்பார்.

பட்டுப்புழு பச்சோந்திக்கு ஏன் அவ்வளவு பொருத்தம் என்றால், உடம்பு முழுக்கத் தண்ணீர், தோல் மெல்லிசு, கடிக்காது, கொட்டாது, கூண்டுக்குள் தப்பி ஓடி ஒளியாது. மெதுவாக நெளிந்துகொண்டே இருக்கும், அந்த அசைவு போதும். காய்ந்த புழுவால் நீர் குறைந்துபோன பச்சோந்தியைத் தேற்றுவதற்கு இதைவிட நல்ல தீனி எனக்குத் தெரியாது. இன்னொரு நன்மையும் உண்டு. பட்டுப்புழு பூச்சிமருந்துக்கு ரொம்பவே பயந்தது. மருந்து பட்ட இலையைத் தின்றால் அதுவே முதலில் செத்துவிடும். ஆகவே நன்றாக இலை தின்று, சுறுசுறுப்பாக இருக்கும் புழு என்றால் அது தின்ற இலை சுத்தம் என்று ஓரளவு நம்பலாம்.

ஆனால் சில கவனம் வேண்டும். புழு தோலுரிக்கும் சமயத்தில் படுக்கையின் மேல் சுண்ணாம்புத் தூளும் கிருமிநாசினித் தூளும் தூவுவார்கள். அதனால் வாங்கி வந்ததும் கொடுக்காமல் உங்கள் டப்பாவில் இரண்டு நாள் புது இலை போட்டு வைத்திருங்கள். உடம்பு ஊதி, தொட்டால் பால் மாதிரி ஒழுகுகிற புழு, சுண்ணாம்புக் கட்டி மாதிரி விறைத்த புழு, சோர்ந்து தொங்குகிற புழு எதையும் எடுக்காதீர்கள், அவை நோய்ப்பட்டவை. அளவு முக்கியம். புழு ஒவ்வொரு முறை தோலுரித்ததும் அடுத்த பருவம் என்பார்கள். கடைசியான ஐந்தாம் பருவத்துப் புழு ஏழு சென்டிமீட்டர் வரை நீளும், உங்கள் ஏழு மாதக் குட்டிக்கு அது பெரிது. மூன்றாம், நான்காம் பருவப் புழுவாகக் கேளுங்கள். கூடு கட்டிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், அந்துப்பூச்சியாக வெளியே வரும். அதற்குப் பறக்கத் தெரியாது, சிறகை மட்டும் படபடவென்று அடிக்கும். அந்தப் படபடப்பைப் பார்த்தால் சோம்பிக் கிடக்கும் பச்சோந்தியும் எழுந்து வரும். வீட்டு மாடியில் ஒரு பெரிய தொட்டியில் மல்பெரிக் குச்சி நட்டுக்கொண்டால் சின்னப் புழுக்களைச் சில நாள் ஓட்ட அது போதும். ஒன்று மட்டும், நூல் எடுத்த பிறகு மிஞ்சுகிற வெந்த கூட்டுப்புழு கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். காய்ந்த மீல்வார்முக்குச் சொன்ன குறை எல்லாம் அதற்கும் பொருந்தும், போதாக்குறைக்குச் சீக்கிரம் கெட்டும் போகும்.

சேலத்தில் ஒரு சிக்கல், பட்டுப்புழுவுக்கு 24 முதல் 28 டிகிரிதான் தோது. சித்திரை, வைகாசியில் கீழே அது வாடிவிடும். அந்த இரண்டு மாதம் சில்வண்டு, மற்ற மாதங்களில் இரண்டும் கலந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூச்சியும் ஒன்றே போதும் என்று இருக்க வேண்டாம். உயிருள்ள மீல்வார்மும் சூப்பர்வார்மும் மீன் கடைகளில் கிடைக்கும். கொழுப்பு அதிகம், வாரத்துக்கு இரண்டு மூன்று போதும். கருப்பு ஈப்புழுவை உயிரோடு வாங்கினால் எதில் வளர்த்தார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சந்தைக் காய்கறிக் கழிவில் வளர்ந்ததற்கும் கோழிக் கழிவில் வளர்ந்ததற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அதில் சில புழு ஈயாக மாறினால் நல்லதே, பறக்கிற இரையை விரட்டிப் பிடிப்பது பச்சோந்திக்கு நல்ல வேலை.

வெளியே பிடிக்கும் பூச்சியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மருந்தே அடிக்காத இடம் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் பச்சை வெட்டுக்கிளி அருமையான தீனி. தெரியாவிட்டால் வேண்டாம். வீட்டுக் கரப்பானையும் பிடித்துப் போடாதீர்கள், பக்கத்து வீட்டில் என்ன ஸ்ப்ரே அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பூச்சி பச்சையாக, கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் தண்டுத்துளைப்பானுக்கு மருந்து பூசுகிற தோட்டங்கள் நிறைய. பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டங்களில் இரண்டு ஆபத்து: மருந்தும் அடிக்கிறார்கள், அரளிச் செடியே விஷம். அதன் இலையைத் தின்கிற புழுவைத் தொடவே வேண்டாம்.

எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலப்பச்சையும் கோடு போட்ட அழகான பெரிய வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். சேலம் புறவழிச்சாலை ஓரத்திலேயே பார்க்கலாம், மெதுவாக நகரும், கையால் பிடித்துவிடலாம். அது எருக்கம்பாலில் உள்ள இதயத்தைத் தாக்கும் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. அந்த நிறமே ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் பறவைக்கும் ஓணானுக்கும் அந்த எச்சரிக்கை தெரியும், ஏமன் வகையில் கூண்டில் பிறந்த குட்டிக்குத் தெரியாது. அதே போலத்தான் மின்மினி. கோடை மழைக்குப் பிறகு மலையில் சாயங்காலம் நிறையப் பறக்கும். வெளிநாட்டில் வளர்ப்புப் பல்லிகள் மின்மினியைத் தின்று, ஒன்றிரண்டிலேயே செத்தது பதிவாகியிருக்கிறது. கூண்டின் பக்கத்தில் விளக்கு எரிந்தால் மின்மினி தானாகவே உள்ளே வரவும் கூடும், ஆகவே ஏற்காட்டில் இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். கம்பளிப்பூச்சி, குளவி, தேனீ, பளீரென்று நிறம் காட்டும் எந்த வண்டும் வேண்டாம்.

பூச்சி மேல் தூவும் தூளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீரை தின்ற சில்வண்டானாலும் மேலே கால்சியம் கார்பனேட் தூளை லேசாகத் தூவியே கொடுக்க வேண்டும். ஒரு டப்பாவில் பூச்சியையும் ஒரு சிட்டிகைத் தூளையும் போட்டுக் குலுக்கினால் போதும். வைட்டமின் டி3 கலக்காத தூள் அன்றாடத்துக்கு, டி3-யும் மற்ற வைட்டமின்களும் சேர்ந்த தூள் மாதத்துக்கு இரண்டு முறை. அதற்கு மேல் வேண்டாம், டி3-யும் வைட்டமின் ஏ-யும் மிஞ்சினாலும் விஷம்தான். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் காய வைத்துத் தூவலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. அது வேறு ரசாயனம், வாயையும் குடலையும் அரித்துவிடும். நாம் சாப்பிடும் கால்சியம் மாத்திரையைப் பொடி செய்வதும் வேண்டாம், அதில் பெரும்பாலும் டி3 சேர்ந்திருக்கும், அளவு தவறிவிடும்.

இவ்வளவு கால்சியம் கொடுத்தும் வெயில் இல்லாவிட்டால் பலன் இல்லை. புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு டி3 தயாரிக்கும், டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், அதனால் கண்ணாடிக்குப் பின்னால் வரும் வெயில் கணக்கில் வராது. வலைக் கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி, காலை இளவெயிலில் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும்.

எவ்வளவு கொடுப்பது? பூச்சியின் நீளம் பச்சோந்தியின் தலை அகலத்துக்கு மேல் போக வேண்டாம். ஏழு மாதத்தில் நாளொன்றுக்கு ஆறேழு சில்வண்டு போதும், ஒரு வயதை நெருங்கும்போது ஒன்றுவிட்டு ஒரு நாளாகக் குறைத்துவிடுங்கள். கேட்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். தின்னாமல் மிஞ்சிய சில்வண்டை இரவில் கூண்டில் விட்டுவைக்கவும் கூடாது, தூங்கும் பச்சோந்தியின் காலையும் கண்ணோரத்தையும் அது கடிக்கும். அதற்கு நல்ல வழி, உயரமான தயிர் டப்பாவை அது உட்காரும் கிளைக்குக் கொஞ்சம் கீழே கட்டித் தொங்கவிடுவது. உள்பக்கம் ஒரு ஓரத்தில் மட்டும் கொசுவலைத் துண்டு ஒட்டினால் சில்வண்டு அதில் ஏறி ஏறி அசைவு காட்டும், வெளியே ஓடாது.

இப்போது காய்ந்த புழுவிலிருந்து மாற்றும் விதம். முதல் இரண்டு நாள் தண்ணீர் மட்டும் பாருங்கள். காலையும் மாலையும் இலைகள் நன்றாக நனையும்படி நிதானமாகத் தெளியுங்கள், நடுவில் ஒரு பாட்டிலில் ஊசித் துளை போட்டு இலைமேல் சொட்டவிடுங்கள். காய்ந்த புழுவை அன்றோடு நிறுத்திவிடலாம், ஏழு மாதக் குட்டி இரண்டு நாள் பட்டினி இருப்பதால் ஒன்றும் ஆகாது. மூன்றாம் நாள் காலை உடம்பு வெயிலில் சூடானதும் ஒரு பட்டுப்புழுவை டப்பாவில் வையுங்கள். நீங்கள் தள்ளிப் போய்விட வேண்டும், பக்கத்தில் ஆள் நின்றால் பல பச்சோந்திகள் அடிக்காது. தின்றுவிட்டால் மறுநாளிலிருந்து சில்வண்டு சேருங்கள்.

ஏற்காட்டுக் கேள்வி. கொண்டுபோகலாம், நன்றாகவே இருக்கும். ஏமன் பச்சோந்தி பிறந்த ஊரே மலைப்பகுதிதான். சேலத்தில் சித்திரையில் 38, 40 டிகிரி போகும்போது அது வாயைத் திறந்து மூச்சு வாங்கும். 1500 மீட்டர் உயரத்தில் பகலில் முப்பதைத் தாண்டுவது அபூர்வம். பட்டுப்புழுவுக்கும் மேலேதான் சுகம், அதையும் கூடவே எடுத்துப் போங்கள். சில்வண்டுத் தொட்டி மட்டும் கீழேயே இருக்கட்டும், மேலே குளிரில் முட்டை பொரிக்க ரொம்ப நாள் இழுக்கும்.

ஆனால் அத்தையிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். காலைக் குளிரிலும் பச்சோந்தி இரையை அடிக்கும். மற்ற ஊர்வனவற்றின் தசை குளிரில் மந்தமாகும், பச்சோந்தியின் நாக்கோ இழுத்துவைத்த ரப்பர் போன்ற திசுவின் விசையால் பாய்வதால் 15 டிகிரியில்கூடப் பெரிதாக வேகம் குறைவதில்லை. 2010-இல் இதே வகைப் பச்சோந்தியை வைத்துச் செய்த ஆய்வில் இதை அளந்திருக்கிறார்கள். ஆனால் குடலுக்கு அந்த வசதி இல்லை. உடம்பு சூடாகாமல் தின்றது செரிக்காமல் கிடந்து அழுகும். அது ஆசையாக அடிக்கிறதே என்று பனி மூடிய காலையிலோ சாயங்காலத்திலோ கொடுக்க வேண்டாம். பத்து மணிக்கு மேல் வெயில் வந்து, அதன் நிறம் கறுப்பிலிருந்து வெளிறிய பச்சைக்குத் திரும்பிய பிறகு கொடுத்தால், இருட்டுவதற்குள் செரிக்க நேரம் கிடைக்கும். மேகமாகவே இருக்கும் நாளில் வெயிலுக்குப் பதிலாகச் சூடு தரும் விளக்கு வேண்டும். விளக்கும் இல்லையென்றால் அன்றைக்குத் தண்ணீர் போதும்.

கடைசியாக, சமையலறையில் வைத்திருக்கும் கிராம் தராசில் வாரம் ஒருமுறை அதன் எடையைப் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தொடர்ந்து எடை குறைந்தாலோ, கண் வீங்கி மூடியே இருந்தாலோ, நாக்கு பாதித் தூரம் போய்த் தொங்கினாலோ, கால் மூட்டு தடித்தாலோ, வெள்ளைக் கட்டி ஒரு வாரம் தண்ணீர் காட்டிய பிறகும் ஆரஞ்சாகவே இருந்தாலோ காத்திருக்காதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். போகும்போது எடை எழுதிய நோட்டு, புது எச்சம் கொஞ்சம் மூடிய டப்பாவில், இதுவரை கொடுத்த தீனியின் பாக்கெட், தூவும் தூளின் டப்பா இவற்றை எடுத்துப் போங்கள். எத்தனை வாரம் காய்ந்த புழு தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், சிறுநீரகத்தை முதலில் பார்க்க வேண்டுமா, எலும்பைப் படம் எடுக்க வேண்டுமா என்று மருத்துவர் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்.